மூன்று பேர் கண்ணைத் துடைத்த கதை

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என்னுடையது அல்ல. மூக்குக்கண்ணாடி வாங்கப் போன இடத்தில் கிடைத்தது.

கடையில் சட்டம் பொருத்துகிற அம்மாள் என் முகத்தில் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். இடது காது வலது காதைவிடத் தாழ்வு என்று கண்டுபிடித்தார். இத்தனை ஆண்டுகளாக என் காதுகளோடு வாழ்கிற எனக்கே தெரியாத சங்கதி. சட்டத்தைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டே, தூரத்து விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வண்ணமாக வளையம் தெரிகிறதா என்று கேட்டார். தொழில்முறைக் கேள்விதான். இல்லை என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், என் அண்ணி உட்பட, என்று ஆரம்பித்தார்.

சட்டத்தை நான்கு முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. உண்மையில் இரண்டாவது முறையே சரியாக உட்கார்ந்துவிட்டது. கதை பாதியில் நின்றதால், இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது என்று சொன்னேன்.

ஆக, இது திருட்டுப் பொருள். திருடியதை அப்படியே கடைத்தெருவில் வைக்கக் கூடாது, கொஞ்சம் சாயம் பூச வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். பூசிய இடங்களை அங்கங்கே நானே காட்டிவிடுகிறேன். காட்டாத இடத்திலும் பூசியிருப்பேன் என்று சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

2

முதல் தொடக்கம்: "ஆற்றின் மறுகரையில் எரிந்த விளக்கைச் சுற்றி ஏழு நிற வானவில் ஒன்று பாம்புபோல் சுருண்டு படுத்திருந்ததை அவள் கண்ட அந்தக் கணத்தில்…"

அடித்துவிட்டேன். வானவில் படுக்காது. ஏழு நிறமும் பொய். கடையம்மாள் சொன்னது வேறு: உள்ளே நீலம் மாதிரி, நடுவில் மஞ்சள் மாதிரி, வெளி ஓரத்தில் சிவப்பு. அந்த 'மாதிரி'யையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

இரண்டாம் தொடக்கம்: "அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இளமையில் அவள் பேரழ…"

இதையும் அடித்தேன். இதை நான் யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது? சொன்ன கடையம்மாள் அவளுக்கு நாத்தனார்.

மூன்றாம் தொடக்கம் தேறியது. அடுத்த பகுதியில் இருக்கிறது.

3

சுக்கானி இந்த ஆண்டு ஒரு பொய் எழுத வேண்டியிருந்தது. பெரிய பொய் இல்லை. மூன்றே எழுத்து.

அவள் ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகை ஓட்டுகிறவள். இருபத்திரண்டு நிமிடப் பயணம். கரைக்குக் கரை ஒரே பாதைதான், ஆனால் அந்தப் பாதையைத் தண்ணீரில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. இரு பக்கமும் மணல்மேடு. நடுவில் மட்டும் ஆழம். அதற்காக மறுகரையில் இரண்டு விளக்குகள் நட்டிருந்தார்கள். முன்னால் தாழ்வாக ஒன்று, பின்னால் உயரமாக ஒன்று. மேல் விளக்கு கீழ் விளக்கின் நேர் தலைக்கு மேல் நின்றால் படகு ஆழத்தில் இருக்கிறது. மேல் விளக்கு வலப்பக்கம் நழுவினால் படகும் வலப்பக்கம் நழுவிவிட்டது. அவ்வளவுதான் வித்தை. அந்த வித்தைக்காக அவள் ஒன்பது வருடம் டிக்கெட் கிழித்தாள், நான்கு வருடம் கயிறு கட்டினாள். பதினோரு வருடமாகச் சக்கரம் அவள் கையில்.

குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒரு மாலை, அந்த இரண்டு விளக்குகளையும் சுற்றி வளையம் முளைத்தது. கண்ணைத் துடைத்தாள். போகவில்லை. மறுநாள் மாலையும் இருந்தது. விடிவதற்கு முன் புறப்படும் முதல் நடையிலும் இருந்தது. மேல் விளக்கின் வளையமும் கீழ் விளக்கின் வளையமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்துப் படகை விட்டாள். ஒரு நாளும் தட்டவில்லை. ஆனால் கரை சேரும்போது முதுகு நனைந்திருந்தது.

படகோட்டும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க ஒரு படிவம் உண்டு. ஒன்பது கேள்விகள். ஏழாவது: "தொலைவிலுள்ள விளக்குகளைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிகின்றனவா?" பத்து வருடமாகப் படிக்காமலே "இல்லை" என்று எழுதியவள், இந்த வருடம்தான் அப்படி ஒரு கேள்வி இருப்பதையே படித்தாள்.

"ஆம்" என்று எழுதினால் அன்றே சக்கரத்தை விட்டு இறங்க வேண்டும். கரையில் நின்று டிக்கெட் கிழிக்கலாம். மருத்துவர் சரி என்று சொன்னாலும் படகோட்டும் தேர்வில் முதலிலிருந்து தேறித்தான் ஏற வேண்டும். அந்தத் துறையில் இறங்கியவர் யாரும் திரும்ப ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

படிவம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை உள்ளே விட வேண்டும். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை இல்லை. கதைக்குத் தேவைப்படுகிறார், வேறு வழியில்லை.

அந்தப் படகுக்கு முறைவைத்து மூன்று சுக்கானிகள். இவள் ஒருத்தி. இரண்டாமவர் 'மாப்பிள்ளை', தினமும் மடிப்புக் கலையாத சட்டையில் வருவதால் அந்தப் பெயர், கல்யாணமாகி இருபது வருடம் ஆகிவிட்டது. மூன்றாமவர் 'கழுகு'. மூவரில் மூத்தவர். கழுகு என்று அவருக்குப் பெயர் வைத்தவர் அவரே.

கழுகின் கண்ணைப் பற்றிக் கழுகே பரப்பிய செய்திகள் பல. நட்டாற்றில் இருந்துகொண்டு மறுகரையில் நிற்பவர் கட்டியிருக்கும் கைக்கடிகாரத்தில் மணி பார்த்திருக்கிறார். பார்த்ததோடு விடாமல், கரை சேர்ந்ததும் அந்த ஆளிடம் போய், ஐந்து நிமிடம் பின்னால் ஓடுகிறது, திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆளும் திருத்திக்கொண்டாராம்.*

* ஆற்றின் அகலத்தைக் கடையம்மாளிடம் கேட்டேன். சொன்னார். இங்கே எழுதினால் கழுகின் மரியாதை போய்விடும்.

சுக்கானிகளுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முழங்கால் வலியைப் பற்றிப் பேசலாம். பல்லைப் பற்றிப் பேசலாம். மாமியாரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கண்ணைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. கண் என்பது அங்கே உடம்பின் பாகம் இல்லை, வேலையின் பாகம்.

அதனால்தான் இப்படி நடந்தது. அதே குளிர்காலத்தில் மாப்பிள்ளைக்கும் வளையம் தெரிந்தது. அவர் கண்ணைத் துடைத்தார்; பிறகு யாருக்கும் தெரியாமல் கேரட்டாகத் தின்றுகொண்டிருந்தார், உள்ளங்கை மஞ்சளாகும் அளவுக்கு. கழுகுக்கும் தெரிந்தது. அவரும் கண்ணைத் துடைத்தார்; கதைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். ஒரே அறையில், ஒரே சக்கரத்தை, ஒருவர் கை சூடு ஆறுமுன் இன்னொருவர் பிடிக்கிற மூன்று பேர், ஒரே வளையத்தைப் பார்த்துத் தனித்தனியாகப் பயந்தார்கள்.

(மாப்பிள்ளையின் கேரட் நான் பூசிய சாயம். உண்மையில் அவர் தின்றது என்னவென்று நாத்தனாருக்குத் தெரியவில்லை.)

5

இனி நாத்தனார்.

சுக்கானியின் கணவனுக்குத் தங்கை. அதே வீட்டின் மாடியறையில் இருப்பவர். கண்ணாடிக் கடை வேலை என்பதால், எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கிற பழக்கம். ஒரு மாலை படியேறி வரும்போது, அண்ணி சன்னலில் நின்றுகொண்டு ஒரு கண்ணை மூடித் திறந்து, மறு கண்ணை மூடித் திறந்து, தெருக்கோடி விளக்கைப் பார்ப்பதைக் கண்டார்.

"யாருக்கு அண்ணி கண்ணடிக்கிறீங்க? எங்க அண்ணன் கீழே இருக்காரு."

கையும் களவுமாக மாட்டியவள் ஒன்றும் இல்லை என்றாள். தூசி என்றாள். நாத்தனார் விடவில்லை. தூசியென்றால் ஒரு கண்ணில்தானே விழும், இரண்டிலும் சொல்லிவைத்தாற்போல் விழுமா என்று கேட்டு, அரை மணி நேரத்தில் விஷயத்தை முழுக்கக் கறந்துவிட்டார்.

"இந்தத் தெருவிளக்குல வளையம் தெரியுதா?"

"இல்லை. இதுல தெரியல. ஆத்துல போனாத்தான்."

"அப்ப கண்ணு உங்ககூட வீட்டுக்கு வரும்போது வளையத்தை மட்டும் படகுலயே விட்டுட்டு வருதா?"

"இது பக்கத்து விளக்கும்மா. அது ரொம்ப தூரம்."

நாத்தனார் சற்று யோசித்தார். பிறகு கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

6

அவர் காட்டியதை விளக்கக் கதையைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் ஏழாம் பகுதிக்குத் தாவலாம்; ஆனால் அங்கே சுக்கானி ஏன் படகு ஓட்டிக்கொண்டு விரலை நீட்டுகிறாள் என்று விளங்காது. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஒளி நேராகப் போகும் என்று பள்ளியில் சொல்வார்கள். பெரிய மனிதர்கள் நேராகப் போவது போலத்தான் அதுவும். வழியில் மிகச் சன்னமான துளிகள் நிறைய நின்றால், அவற்றின் ஓரமாகக் கொஞ்சம் வளைந்துகொடுத்துப் போகும். நீலம் சிக்கனமாக வளையும், சிவப்பு தாராளமாக வளையும். அதனால்தான் வளையத்தின் உள் ஓரம் நீலம், வெளி ஓரம் சிவப்பு. துளிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் வளையம் சுத்தமாகத் தெரியும்.

அந்தத் துளிகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. காற்றில் மூடுபனியாக இருக்கலாம். இடையில் உள்ள கண்ணாடியில் ஈரமாக இருக்கலாம். இல்லையென்றால் கண்ணுக்குள்ளேயே இருக்கலாம்: கண்ணின் உள்ளழுத்தம் ஏறினால் முன்பக்கத்துத் தெளிந்த சவ்வு நீர்கோத்துக்கொள்ளும், அதுவும் இதே வேலையைச் செய்யும். முதல் இரண்டும் தொல்லை. மூன்றாவது ஆபத்து, கவனிக்காமல் விட்டால் பார்வையையே கொண்டுபோய்விடும். வளையத்தின் முகத்தை மட்டும் பார்த்து, அது இந்த மூன்றில் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது.

நாத்தனார் சொன்ன வழி இது. ஒரு கண்ணை மூடிக்கொள். கையை நீட்டி, கட்டைவிரலால் விளக்கை மட்டும் மறை. வளையம் கண்ணுக்குள் பிறந்ததாக இருந்தால், விளக்கு மறைந்ததும் அதுவும் மறையும். அதற்குத் தீனியே விளக்கிலிருந்து நேராக வரும் ஒளிதான், அதை அடைத்துவிட்டோம். வெளியே பிறந்ததாக இருந்தால், விளக்கு போன பிறகும் விரலைச் சுற்றி அப்படியே நிற்கும்.*

* அடுத்த வேலை: வெளியே என்றால் காற்றிலா, கண்ணாடியிலா? கண்ணாடியைத் தாண்டி வெளியே போய்ப் பார். இதற்குக் கட்டைவிரல் வேண்டாம், கால் போதும்.

7

மறுநாள் மாலை நடையில் நாத்தனாரும் படகேறினார். சுக்கான் அறைக்குள் பயணிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் கீழ்த்தளத்தில் நின்றார். அங்கிருந்து அவர் கண்ணுக்கு இரண்டு விளக்குகளும் சுத்தமாகத் தெரிந்தன, வளையமும் இல்லை, வண்ணமும் இல்லை. மூடுபனி இல்லை என்பது அதிலேயே முடிந்தது. மிச்சம் இரண்டு: மேலே சுக்கான் அறையின் சன்னல் கண்ணாடி, அதற்குப் பின்னால் இருக்கும் அண்ணியின் கண்.

இந்த இடத்தை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் புயல் வருகிறது. "வானம் கறுத்து, அலைகள் பேய்போல் எழும்பி…" ஆற்றில் அவ்வளவு அலை வராது. இன்னொன்றில் நாத்தனார் ஏணியில் ஏறி உள்ளே நுழைகிறார். அவர் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

சுக்கானி இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். பதினோரு வருடம் அந்தக் கட்டைவிரல் நுனியில் இருந்தது. வளையம் போய்விட்டால் டிக்கெட் கட்டுதான்.

விளக்கின் மேல் விரலை வைத்தாள்.

மறுகரைத் துறையில் காத்திருந்தவர்களுக்கு, விளக்கொளியில் சுக்கானி சன்னலில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது தெரிந்தது. என்ன நல்ல செய்தியோ தெரியவில்லை. நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று நாலைந்து பேர் தாங்களும் விரலை உயர்த்திக் காட்டினார்கள்.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. விளக்கு விரலுக்குப் பின்னால் போய்விட்டது. வளையம் போகவில்லை. நகத்தைச் சுற்றி, நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, அசையாமல் நின்றது.

பக்கத்துக் கதவைக் காலால் தள்ளித் திறந்து, சக்கரத்தை விடாமல் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. அங்கே இரண்டு விளக்குகள், இரண்டு புள்ளிகள். தலையை உள்ளே இழுத்தாள்: வளையம். வெளியே நீட்டினாள்: புள்ளி. உள்ளே, வெளியே என்று ஆமைபோல் ஆறேழு முறை. கீழ்த்தளத்திலிருந்து இதைப் பார்த்தபோது, வழி சொல்லிக்கொடுத்த நாத்தனாருக்கே, அண்ணி ஏதோ புதுவித உடற்பயிற்சி செய்வதாகத் தோன்றியது. பக்கத்தில் நின்றவரிடம், எனக்கு அவங்க யாருன்னே தெரியாது என்று சொல்லிவைத்தார்.

கரையில் கயிறு விழுந்ததும் சுக்கானி ஒரு காரியம் செய்தாள். அந்தப் படகில் எந்தச் சுக்கானியும் செய்யாதது. ஆள்காட்டி விரலால் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள். விரல் ஈரமானது. அந்தக் கோட்டின் வழியே விளக்கு சுத்தமாகத் தெரிந்தது.

எத்தனை நாள், எத்தனை கைக்குட்டை. மூன்று பேரும் கண்ணைத் துடைத்தார்கள். கண்ணாடியை ஒருவரும் துடைக்கவில்லை.

8

ஏன் துடைக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், மூன்றாவது முறை சட்டத்தை மாட்டியபோது.

அந்தப் படகில் கண்ணாடி என்பது எஞ்சின்காரருடைய ஆட்சி. எப்போதோ ஒரு சுக்கானி எண்ணெய்க் கையால் தேய்த்துவிட்டார் என்று, "கண்ணாடியைத் தொடாதே" எனச் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். தினமும் நடுப்பகலில் தன் சொந்தத் துணியால் தானே துடைப்பார். நடுப்பகலில் அது பளிங்குபோல் இருக்கும். சுக்கானிகள் சக்கரத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. எஞ்சின்காரரின் கோபத்தைத் தொடுவதே இல்லை.

அந்த எஞ்சின்காரர்தான் குளிர்காலம் தொடங்கியதும் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். மேலே நிற்பவர்களுக்குக் கால் விறைக்கிறதே என்று, எஞ்சின் அறையின் வெதுவெதுப்பான காற்றை ஒரு குழாய் வழியாக அவர்கள் காலடிக்குக் கொண்டுவந்தார். படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும். அதன் ஈரமும் காற்றோடு ஏறி வந்தது. மாலையில் வெளிக்காற்று குளிர, அந்த ஈரம் கண்ணாடியின் உட்பக்கத்தில் படிந்தது. தொட்டால் ஒழியத் தெரியாத படலம்.

கோட்டைப் பார்த்த எஞ்சின்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, கண்ணாடியைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எழுதிப் போட்டிருக்கேனே."

"அதைப் படிச்சுப் படிச்சுத்தாம்பா குருடாயிட்டோம்னு நெனச்சுட்டு இருந்தோம்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. நல்லதுக்குத்தானே செய்தேன் என்றார். கால் நன்றாகத்தான் சூடாக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது என்று சுக்கானி சமாதானம் சொன்னாள். குழாயை இப்போதே பிடுங்குகிறேன் என்றவரைத் தடுத்து, நாளை மாலை வரை இருக்கட்டும் என்றாள். அதே கண்ணாடி வழியாகப் பார்க்கிற மற்ற இருவரும் பயந்துபோயிருப்பார்கள், இதைத் தங்கள் கண்ணால் பார்த்தால்தான் பயம் போகும் என்று நினைத்தாள்.

(இங்கே முடித்திருந்தால் நல்ல நகைச்சுவைக் கதை. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடித்திருக்கும். நான்கூட 'முற்றும்' போட்டுவிட்டுச் சட்டத்தை மாட்டிக்கொண்டு எழுந்தேன். கடையம்மாள் உட்காரச் சொன்னார்.)

9

மறுநாள் மாலை சக்கரம் சுக்கானியின் கையில். மாப்பிள்ளையும் கழுகும் அவள் அழைத்ததால் வந்திருந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு வளையம் தெரிகிறது, உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன் என்றாள். எழுதாத சட்டம் உடைந்த சத்தம் அந்தச் சின்ன அறையில் நன்றாகவே கேட்டது. இருவரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு அவள் விரல் வித்தையைச் சொல்லி, கதவைத் திறந்து, ஒவ்வொருவராக வெளியே போய்ப் பார்க்கச் சொன்னாள்.

மாப்பிள்ளை போனார். பார்த்தார். மடிப்புக் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். உள்ளே வந்து, இனிமேல் ஜென்மத்துக்கும் கேரட் தொடமாட்டேன் என்றார்.

கழுகு போனார். விளக்கைப் பார்த்தார். "போச்சு தங்கச்சி, சுத்தமா போச்சு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். குரலில் குறையில்லை.

ஆனால் வெளியே நின்றவர் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, கட்டைவிரலால் விளக்கை மறைத்தார். மறைத்த விரலை எடுக்கவில்லை. படகு நடு ஆற்றைத் தாண்டியது. எடுக்கவில்லை. துறை நெருங்கியது. கம்பியோரமாக, விளக்கை மூடிக்கொண்டே நின்றார். வளையம் இல்லாதவனுக்கு விளக்கை மறைக்க என்ன அவசியம்? விரல் இருக்கும் வரைதான் அவருக்கு வளையம் இல்லை.

திறந்த கதவு வழியே சுக்கானி அதைப் பார்த்தாள்.

கேரட்டைத் தவிர இந்தப் பகுதியில் சாயம் இல்லை. ஒரு சொட்டுக்கூட.

10

அவரைத் தனியே பிடித்து, கண் மருத்துவரிடம் போகச் சொல்லிப் பார்த்தாள். என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று சிரித்துவிட்டுப் போனார். அதிகாரியிடம் அவள் போய்ச் சொல்லலாம். அது கோள். இருபது வருடமாக ஒரே சக்கரத்தைப் பிடித்தவரை முதுகில் குத்துவது. சொல்லாமலும் இருக்கலாம். அவர் தன் படிவத்தில் மூன்றெழுத்தை எழுதுவார், பிறகு ஒரு நாள் மேல் விளக்கும் இருக்காது, கீழ் விளக்கும் இருக்காது.

"அன்றிரவு அவள் தூக்கம் வராமல் புரண்டு…" என்று எழுதினேன். நாத்தனார் மறுத்தார். அண்ணி குறட்டை விட்டுத் தூங்கினார்களாம். தூங்காமல் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது நாத்தனார்தான். கண்ணாடிக் கடைக்காரர்களுக்குப் பொடி எழுத்து என்றால் உயிர். படிவத்தின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி இருந்தது: ஏழாம் கேள்விக்கு ஒரு சுக்கானி "ஆம்" என்று எழுதினால், அந்தப் படகின் எல்லாச் சுக்கானிகளுக்கும் ஏழு நாளுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும்.

காலையில் அதைக் காட்டினார். சுக்கானி இரண்டு முறை படித்தாள்.

"யாராவது ஒருத்தர் எழுதணும். அவ்வளவுதானே?"

"அண்ணி, நீங்க எறங்கினா திரும்ப ஏத்துவாங்களான்னு யோசிச்சீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சுச்சா இல்லையா? தெரியுதான்னுதானே கேட்டிருக்கு. எங்கிருந்து தெரியுதுன்னா கேட்டிருக்கு?"

அதிகாரி அம்மாள் பத்தொன்பது வருடமாக அந்தப் படிவங்களை வாங்கி அடுக்குகிறவர். ஏழாவது வரியில் கண் நின்றது. தவறி எழுதிவிட்டீர்கள், வேறு தாள் தருகிறேன் என்றார்.

"தவறி எழுதல மேடம்."

"ஆம்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமில்ல?"

"தெரியும். பின்பக்கமும் படிச்சேன்."

பின்பக்கம் ஒன்று இருப்பது அதிகாரிக்கே அப்போதுதான் தெரிந்தது. திருப்பினார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். நெடுநேரம் படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து டிக்கெட் கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். சுக்கானி அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

11

பதினோரு நாள் டிக்கெட் கிழித்தாள். எட்டாம் நாள் முடிவுகள் வந்தன. அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையின் கண்ணிலும் இல்லை. கழுகின் இரண்டு கண்ணிலும் உள்ளழுத்தம் ஏறிக் கிடந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் போன பார்வை போனதுதான், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று மருத்துவர் சொன்னார். ஊசிமுனை ஒளிக்கதிரால் கண்ணின் உள்ளே ஒரு சின்ன வழி திறந்தார்கள், வலிகூட இல்லை. சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

யார் முதலில் "ஆம்" எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். யாரை நினைத்து எழுதினாள் என்று யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை படகோட்டும் தேர்வு. அதிகாரி அம்மாள் தானே வந்து சுக்கான் அறையில் உட்கார்ந்தார். குறுக்குக் காற்று வீசியது. குழாயைப் பிடுங்கியாகிவிட்டது, கால் விறைத்தது. எஞ்சின்காரர் ஒட்டிய சிவப்பு எழுத்து இருந்த இடத்தில் ஒரு துணி தொங்கியது, யார் வேண்டுமானாலும் துடைக்கலாம். கீழ்த்தளத்தில் நாத்தனார், இந்த முறை பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், ஓட்டுறது எங்க அண்ணி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காற்று படகை வலப்பக்கம் தள்ளியது. மேல் விளக்கு ஒரு மயிரிழை வலப்பக்கம் நழுவியது. முன்பெல்லாம் வளையத்துக்குள் அந்த மயிரிழை தெரிந்திருக்காது. சக்கரத்தில் இரண்டு விரல் திருப்பினாள். விளக்கு திரும்பி வந்து கீழ் விளக்கின் தலையில் உட்கார்ந்தது. இருபத்திரண்டு நிமிடமும் அங்கிருந்து அசையவில்லை. துறையில் படகு ஒட்டியபோது, பலகைமேல் அதிகாரி வைத்திருந்த பேனா உருளவில்லை.

(பேனா என் சாயம். ஆனால் உருண்டிருக்காது, எழுதித் தருகிறேன்.)

அதிகாரி கையெழுத்துப் போட்டார். இறங்கியவர் யாரும் ஏறியதில்லை என்கிற சரித்திரம் அந்தக் கையெழுத்தோடு முடிந்தது. கரை சேர்ந்தால் ஒரு முறை ஊதுவது விதி. சுக்கானி ஊதலின் கயிற்றைப் பிடித்து மூன்று முறை இழுத்தாள், மூன்றும் நீளமாக. இரு கரையிலும் மரத்தில் அடைந்திருந்த பறவைகள் எல்லாம் எழும்பின. அதிகாரி அதைக் கண்டும் காணாமல் காகிதத்தை மடித்தார்.

12

மிச்சம் ஒன்று இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் கழுகு படகுக்கு வந்தார், முதலில் பயணியாக. மாலை நடை. சுக்கான் அறையின் வாசலில், சக்கரத்தில் நின்ற சுக்கானிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விளக்குகள் எரிந்தன. குளிர்காலம் தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, விரல் வைக்காமல், வளையம் இல்லாமல் அவற்றைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்று கடையம்மாள் எனக்குச் சொன்னார். நான்காவது முறையும் சட்டம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. வேறு சாக்கு இல்லாமல் எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து, கேட்டதை எழுதிப் பார்த்தால், அது போதவில்லை. நானே சில வைத்துப் பார்த்தேன்.

"உன்னாலதான் தங்கச்சி என் கண்ணு பொழைச்சுது." அடித்துவிட்டேன். கழுகு இப்படி நேராக உண்மை பேசினால் அந்த அதிர்ச்சியில் சுக்கானி படகை மணலில் ஏற்றிவிடுவாள்.

அவர் ஒன்றும் பேசாமல் கண்… அடித்துவிட்டேன். கழுகும் மௌனமும் ஒரு வாக்கியத்தில் நிற்க மாட்டார்கள்.

"அந்த மேல் விளக்குக்குள்ள ஒரு பூச்சி உக்காந்திருக்கு. பொம்பளைப் பூச்சி." இது பரவாயில்லை. ஆனாலும் சின்னது. பிழைத்து வந்த இரண்டு கண்ணுக்கு இது காணாது.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். பொய்யாக இருக்க வேண்டும். அதில் கழுகுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். ஆற்றைவிட அகலமாக இருந்தால் நல்லது. அதைக் கேட்டதும் சுக்கானி வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், ஆனால் விளக்குகளிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அவள் சிரிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

"தங்கச்சி," என்றார் கழுகு, "…………………………………………………………